பென்னாகரத்துத் தாய்க்கு: உங்கள் மகள் அளக்கப்போவது எதை?

அன்புள்ள அம்மா,

போன வாரம் தருமபுரி வழிகாட்டல் முகாம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் நீங்கள் மட்டும் படியோரம் நின்றிருந்தீர்கள். கையில் மகளின் பணி நியமனக் கடிதம். "நான்கு வருடம் கம்ப்யூட்டர் படிக்கவைத்தேன். இப்போது கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளந்து எழுதும் வேலையாம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்குத்தான் இதைக் கொடுப்பார்கள் என்று என் தம்பி சொல்கிறான்" என்றீர்கள். பென்னாகரம் பஸ் கிளம்பிவிடுமே என்ற அவசரத்தில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன். உங்கள் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். சில பத்திகள் அவளுக்கானவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம். ஆனால் ஒன்றைக் கேட்டுத் தெளிந்த பிறகு சேர்க்கலாம். ஏனென்றால் வேகம் அளக்கும் வேலை என்ற பெயரில் இரண்டு வேறுவேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்தால் சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் என்ன நடக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். இன்னொன்றில் சேர்ந்தால் அதே ஆண்டுகளில் அட்டவணையின் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பாள். நியமனக் கடிதத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அளக்கும் வேலை உங்களுக்குப் புதிதில்லை, அம்மா. உங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் ஈரப்பதம் பார்க்கும் வெப்பமானி தொங்குகிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் 100 முட்டைத் தொகுதிக்கு எத்தனை கிலோ கூடு வந்தது என்று கணக்கு வைக்கிறீர்கள். போன முறை 80 கிலோ வந்த இடத்தில் இந்த முறை 55 கிலோதான் என்றால், அந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டு எழுந்துபோய்விடுவீர்களா? சாக்கி மையத்தில் வாங்கிய இளம்புழுவில் கோளாறா, இலை ஈரத்தோடு போடப்பட்டதா, நான்காவது தோலுரிப்புக்குப் பிறகு மனையில் காற்றோட்டம் குறைந்துபோனதா என்று ஒவ்வொன்றாகத் தேடுவீர்கள். எழுதிவைத்த எண்தான் அந்தத் தேடலைத் தொடங்கிவைக்கிறது. உங்கள் மகள் பார்க்கப்போகும் வேலை, நல்லபடியாக அமைந்தால், இதேதான்.

அவள் அளக்கப்போவது எதை என்று சொல்கிறேன். வங்கியோ தொலைபேசி நிறுவனமோ, ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான பதிவுகள் அதனிடம் சேர்கின்றன. அவற்றைச் சேர்த்துவைத்து, கேட்ட கேள்விக்குக் கணக்குப் போட்டுத் தரும் கணினிக் கூட்டத்தைத்தான் டேட்டா பிளாட்ஃபார்ம் என்கிறார்கள். ஸ்பார்க், ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி என்று பல பெயர்களில் இவை இருக்கின்றன. இவற்றின் மேல் ஏற்றப்படும் வேலைகளைப் பணிச்சுமை என்கிறோம். இரவு ஒரு மணிக்குத் தொடங்கிய கணக்கு காலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும். நேற்று முடிந்தது, இன்று எட்டு மணியாகியும் முடியவில்லை. ஏன்?

ஸ்பார்க்கில் அடிக்கடி நேரும் ஒன்றைச் சொல்கிறேன். இடையில் தரவைப் பிரித்து அடுக்கும்போது, அமைப்பை மாற்றாமல் விட்டால் ஒரு வேலையை 200 துண்டுகளாகப் பங்கிடும். 199 துண்டுகள் சில வினாடிகளில் முடிந்துவிடும். ஒரே ஒரு துண்டு முக்கால் மணி நேரம் இழுக்கும். காரணம், ஒரே வாடிக்கையாளரின் அல்லது ஒரே ஊரின் பதிவுகள் எல்லாம் அந்த ஒரு துண்டில் போய்க் குவிந்திருக்கும். மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பவர் "கணினி போதவில்லை, இன்னும் பத்து வாங்குங்கள்" என்பார். துண்டு துண்டாக அளந்தவர், பத்தென்ன, நூறு வாங்கினாலும் அந்த ஒரு துண்டு அதே நேரம்தான் எடுக்கும் என்று காட்டிவிடுவார். வாடகைக் கணினியில் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு போகிறது. ஸ்னோஃப்ளேக் ஓடும் நேரத்துக்குக் கணக்குப் பார்த்துப் பணம் கேட்கும். பிக்குவெரி, வழக்கமான கட்டண முறையில், படித்த தரவின் அளவுக்கு வாங்கும். அளக்கத் தெரிந்த ஒருவர் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சப்படுத்த முடியும் என்பதை உங்கள் தம்பியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இனி மகளுக்கு.

தங்கச்சி, உன் கல்லூரிப் பாடத்தில் த்ரூபுட், லேட்டன்சி என்று இரண்டு சொற்களை மனப்பாடம் செய்திருப்பாய். உன் ஊரை வைத்தே அவற்றைப் புரிந்துகொள். மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் காவிரி அளக்கப்படுகிறது. "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்று செய்தித்தாளில் வருவது த்ரூபுட். கர்நாடக அணையில் திறந்துவிட்ட தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்பது லேட்டன்சி. வெள்ளமாக வந்தாலும் திறந்த மறுகணம் வந்துவிடாது. இரண்டும் வேறு. ஒன்றைக் கூட்டப்போய் இன்னொன்றைக் கெடுப்பது இந்தத் துறையில் அன்றாடம் நடக்கிறது. பதிவுகளைப் பெரிய பெரிய கட்டுகளாகச் சேர்த்து அனுப்பினால் வினாடிக்கு நிறைய போகும். ஆனால் கட்டு நிறையும்வரை முதலில் வந்த பதிவு காத்துக்கிடக்கும்.

பிலிகுண்டுலு இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோது, அது பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் தண்ணீர் என்று இடத்தையும் சேர்த்துத்தான் சொன்னது. அங்கே அளப்பது மத்திய நீர் ஆணையம், இரு மாநிலங்களில் எதுவும் அல்ல. எங்கே அளந்தது, யார் அளந்தது என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு எந்த வழக்கையும் தீர்க்க முடியாது.

கணினித் துறையும் இதைச் சண்டை போட்டுத்தான் கற்றது. 1980-களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் தரவுத்தளமே வேகமானது என்று தானே அளந்து தானே விளம்பரம் செய்தது. அந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான் டி.பி.சி. என்ற பொது அமைப்பு, 1988-ல். அதன் பெஞ்ச்மார்க், அதாவது வேகத்தை ஒப்பிடும் பொதுச் சோதனையின் முடிவை வெளியிட வேண்டுமென்றால் வெளித் தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். கருவியின் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியும் ஓட்டை விழுந்தது. டி.பி.சி.-டி என்ற சோதனையில் என்னென்ன கேள்விகள் வரும் என்பது முன்பே தெரியும். ஆகவே விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்த்துவைக்கும் உத்தி வந்தது. கேள்வித்தாள் கையில் கிடைத்த மாணவனின் மதிப்பெண் போல எண்கள் எகிறின; சோதனையே பொருளிழந்தது. 1999-ல் அதைக் கைவிட்டு டி.பி.சி.-ஹெச் முதலிய புதிய சோதனைகளைக் கொண்டுவந்தார்கள்.

2014-ல் ஸ்பார்க் 100 டெராபைட் தரவை 206 கணினிகளில் 23 நிமிடத்தில் வரிசைப்படுத்தியது. முந்தைய ஆண்டு ஹடூப் என்ற பழைய தளம் அதே வேலையின் சாதனையை 2,100 கணினிகளில் 72 நிமிடத்தில் செய்திருந்தது. கேட்டால் மலைப்பாக இருக்கும். அது உண்மையான சாதனையும்தான். ஆனால் ஸ்பார்க் ஓடிய கணினிகளில் சுழலாத, வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் இருந்தது, ஹடூப் ஓடியவற்றில் சுழலும் வட்டு. இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்ததும் "எந்தக் கணினியில்?" என்று கேட்கும் பழக்கம் உனக்கு வந்துவிட வேண்டும்.

சராசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஒவ்வொரு நாளும் அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை, சராசரி விலை என்று மூன்றையும் அறிவிக்கிறார்கள். சராசரி மட்டும் எழுதிப்போட்டால் உன் அம்மா ஒப்புக்கொள்வாரா? ஒரு தளத்தில் 100 கேள்விகள் கேட்கிறோம் என்று வை. 95 கேள்விகளுக்கு ஒரு வினாடியில் பதில் வருகிறது. ஐந்துக்கு 40 வினாடி ஆகிறது. சராசரி 2.95 வினாடி. உண்மையில் ஒருவர்கூட 2.95 வினாடி காத்திருக்கவில்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு ஒரு வினாடி. பி99 என்று சொல்லும் அளவு, அதாவது நூற்றில் 99 கேள்விகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பது, 40 வினாடி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஐந்து பேரின் தவிப்பு தெரியும். வெறும் சராசரியோடு வரும் அறிக்கையில் கையெழுத்துப் போடாதே.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பெங்களூரில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நிறுவனத்தில், தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வியை வேகமாக ஓடும்படி திருத்தி எழுதினேன். பழையதை ஓட்டினேன், பிறகு புதியதை ஓட்டினேன். நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. மகிழ்ச்சியோடு அறிக்கை கொடுத்தேன். நிஜத்தில் என் திருத்தம் ஒன்றும் சாதிக்கவில்லை. முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து படித்த தரவு நினைவகத்தில் தங்கிவிட்டது. இரண்டாவது ஓட்டம் அதையே எடுத்துக்கொண்டது. வரிசையை மாற்றி ஓட்டியிருந்தால் பழைய கேள்விதான் வேகமாகத் தெரிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து இது வெளிப்பட்டபோது, என் எண்ணை நம்பி வேறு மூன்று பேர் தங்கள் திட்டத்தை மாற்றியிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்த அந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து முதல் ஓட்டத்தைத் தனியாகக் குறித்துவைப்பேன். குறைந்தது பத்து முறை ஓட்டாமல் எந்த எண்ணையும் வாய் திறந்து சொல்வதில்லை.

சேருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வீட்டிலிருக்கும் மடிக்கணினியே போதும். டக்டிபி என்ற இலவசத் தரவுத்தளத்தை இறக்கிக்கொள். அதற்குள்ளேயே டி.பி.சி.-ஹெச் தரவை உருவாக்கும் வசதி இருக்கிறது. சிறிய அளவான ஒரு ஜிகாபைட் எடுத்துக்கொண்டாலும் எட்டு அட்டவணைகள் கிடைக்கும். அவற்றில் பெரியதில் மட்டும் சுமார் 60 லட்சம் வரிகள். அதன் 22 கேள்விகளையும் ஒவ்வொன்றும் பத்து முறை ஓட்டு. பிறகு போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு இலவசத் தரவுத்தளத்திலும் அதே தரவை ஏற்றி அதே கேள்விகளை ஓட்டு. நேரம் எங்கே வேறுபடுகிறதோ அங்கே 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கட்டளை கொடுத்து, எந்தப் படியில் எத்தனை வரி படித்தது என்று பார். பக்கத்தில் இன்னொரு திரையில் லினக்ஸின் 'வி.எம்.ஸ்டாட்' ஓடட்டும், செயலி மூச்சு வாங்குகிறதா, வட்டுக்காகக் காத்திருக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. உன் அம்மா ஒரே அறுவடையில் மல்பெரி ரகத்தையும் வி1-க்கு மாற்றி, கிருமிநாசினியையும் மாற்றினால், கூடு கூடியது எதனால் என்று யாரால் சொல்ல முடியும்? அவரைக் கேட்டால் இன்னும் நன்றாகவே விளக்குவார்.

கண்காணிப்புக்கு, எண்களைச் சேகரிக்கும் புரோமீத்தியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா இரண்டையும் பழகிக்கொள். இரண்டும் இலவசம். எண்ணை ஒருமுறை எடுப்பதற்கும், நாள்தோறும் எடுத்து நேற்றோடு ஒப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவற்றை ஒரு மாதம் ஓடவிட்டால் புரியும். மென்பொருளில் ஒரு சிறு மாற்றம் செய்ததும் வேகம் நூற்றுக்கு மூன்று குறைகிறது. யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த மாதம் இன்னொரு மூன்று. நாள்தோறும் வரைந்த கோடு இருந்தால்தான் எந்தத் தேதியில் சரிவு தொடங்கியது என்று விரலை வைத்துக் காட்ட முடியும்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன், அம்மா. நிறுவனத்திலிருந்து அடுத்து அழைக்கும்போது உங்கள் மகள் தயங்காமல் கேட்க வேண்டியது இது: "வேகம் குறைந்தது என்று நான் கண்டுபிடித்தால், காரணத்தைத் தேடுவது என் வேலையா, வேறு குழுவின் வேலையா?" காரணத்தையும் அவளே தேடுவாள், அதற்காகப் புரோகிராமைத் திறந்து படிக்கும் அனுமதி உண்டு என்றால், மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடுங்கள். அந்த வேலையில் புரோகிராம் எழுதியே ஆக வேண்டும்; சோதனைகளைத் தானாக ஓடவைப்பதே பைத்தான், எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழிகளில்தான். "அறிக்கை அனுப்பினால் போதும்" என்று பதில் வந்தால், உடனே மறுக்க வேண்டாம். சேர்ந்து ஓராண்டு பார்க்கட்டும். அதற்குள் காரணம் தேடும் குழுவுக்கு மாற வழி உண்டா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவைக்கட்டும். கேள்வி கேட்டால் வேலையைப் பறித்துக்கொள்வார்களோ என்று அவள் பயந்தாள். இப்படிக் கேட்கும் பெண்ணைத்தான் இந்த வேலைக்குத் தேடுவார்கள்.

உங்கள் தம்பி சொன்ன பெங்களூர்ப் பயிற்சி மையத்துக்கு அந்த லட்ச ரூபாயைக் கட்டாதீர்கள். வேலை உறுதி என்று எழுதிக்கொடுத்தாலும் கட்டாதீர்கள். கையில் வேலை இருக்கும்போது அந்தப் படிப்பு எதற்கு? தரவுத்தளமும் இயங்குதளமும் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களாக இலவசமாகவே கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். 'நான் முதல்வன்' தளத்திலும் அவள் கல்லூரிக் கணக்கில் நுழைந்து என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும்.

தங்குமிடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை எலக்ட்ரானிக் சிட்டியில் என்று கடிதத்தில் இருக்கிறது. அது ஓசூரைத் தாண்டியதும் வந்துவிடும். பெங்களூருக்குள் போக வேண்டியதில்லை. முதல் சில மாதங்கள் ஓசூரில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிப் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு உங்களிடம் வந்துவிடலாம்.

கடிதத்துக்குப் பதில் எழுத இம்மாதம் 25 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் 22 கேள்விகளின் முதல் அட்டவணையை அவள் எனக்கு அனுப்பட்டும். மேலே கணினியின் செயலி, நினைவகம், வட்டு எது என்று எழுத மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.