72 மணி நேரம் கழிந்தால் குட்டி யார் பொறுப்பு?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலைக்கு வாங்கிய பூனைகளைப் பற்றியவை. அதனால் ஆடு மாடு வளர்ப்போர் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: பெங்களூரில் பூனை வளர்த்து விற்கும் ஒருவரிடம் 18,000 ரூபாய்க்கு ‘செமி பஞ்ச்’ (ஓரளவு தட்டை முகம்) பெர்ஷியன் குட்டி வாங்கினோம். 50 நாள் குட்டி. ஒரு தடுப்பூசி போட்டதாக அட்டையும் கொடுத்தார். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் வாந்தி தொடங்கியது. ஏழாம் நாள் இறந்துவிட்டது. மலத்தைப் பரிசோதித்த மருத்துவர் பான்லுகோபீனியா என்றார். விற்றவரோ, “72 மணி நேர உத்தரவாதம் முடிந்துவிட்டது. வேண்டுமானால் பாதி விலைக்கு வேறு குட்டி தருகிறேன்” என்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: அந்த வேறு குட்டியை வாங்காதீர்கள் அம்மா. பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பான்லுகோபீனியா பூனையின் குடலைத் தாக்கி இரத்த வெள்ளணுக்களைக் குறைக்கும் கொடிய தொற்றுநோய். பார்வோ குடும்பத்து வைரஸால் வருவது. குட்டி போன பிறகும் அது உங்கள் வீட்டுத் தரையிலும் பாயிலும் அது மலம் கழித்த மண்தொட்டியிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுவரைகூட இருக்கும். பினாயில் ஊற்றித் துடைத்தால் வாசனை வரும், வைரஸ் போகாது. பினாயில் பூனைக்கு நஞ்சும்கூட. வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். துணிப் பொருட்களையும் மரத்தால் ஆன பொருட்களையும் தூக்கி எறிந்துவிடுவது நல்லது. இன்னொரு பூனை வாங்குவதானால், எல்லாத் தவணைத் தடுப்பூசியும் முடிந்த, நான்கைந்து மாதம் கடந்த பூனையாக வாங்குங்கள். அதே இடத்திலிருந்து அதே வயதுக் குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவந்தால், அதே கதையைப் பாதி விலைக்கு வாங்கியதாகத்தான் ஆகும்.

இனி அந்த 72 மணி நேரம். இந்த வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி வெளியே தெரிய இரண்டிலிருந்து பத்து நாள் ஆகும். உங்கள் குட்டிக்கு ஐந்தாம் நாள் தெரிந்தது. உத்தரவாதம் மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. நாற்று விட்ட மூன்றாம் நாள் வயலைப் பார்த்து, களை இல்லை என்று எழுதிக்கொடுப்பதற்கு ஒப்பானது இது. தொற்றுநோய்க்கு 14 நாளுக்குக் குறைவான உத்தரவாதத்தை நான் உத்தரவாதமாகவே எண்ணுவதில்லை.

தடுப்பூசி அட்டை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஊசி என்பது தொடக்கம் மட்டுமே. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கடைசித் தவணை 16 வாரம் நிறைந்த பிறகு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்தே அடித்துவிடும் என்பதால்தான் இத்தனை தவணை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவர் கூடையில் ஆறு குட்டிகள் கொண்டுவந்தார். காய்ச்சல் பார்த்தேன், காதைப் பார்த்தேன், வயிற்றைத் தடவினேன். ‘ஆரோக்கியமாக உள்ளது’ என்று ஆறு தாளிலும் கையெழுத்திட்டேன். பத்து நாளைக்குள் நான்கு குட்டிகள் போய்விட்டன. வாங்கிய நால்வரும் என் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடமே வந்தார்கள். அன்றிலிருந்து ‘பரிசோதித்த நேரத்தில் நோய் அறிகுறி தென்படவில்லை’ என்று மட்டுமே எழுதுகிறேன். உங்களிடமுள்ள சான்றிதழில் எந்த வாசகம் இருக்கிறது என்று பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். நான் வக்கீல் அல்ல. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். இரண்டாண்டுக்குள் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிவதுண்டு. பொருளை விற்றுவிட்டு ரசீது தராமல் இருப்பதையே அச்சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பூனை விற்பவர்களில் எத்தனை பேர் ரசீது தருகிறார்கள்? பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, மலப் பரிசோதனையின் புகைப்படம், சிகிச்சைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். உங்கள் வீட்டில் இதற்கு முன் பூனை இருந்ததா, அது எப்படி இறந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். அது நியாயமான கேள்விதான். பதிலை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாய், தந்தை இரண்டுக்கும் ஸ்கேன் செய்து ‘பி.கே.டி. இல்லை’ என்று தெரிந்துகொண்டதாகப் பெர்ஷியன் விற்பவர் சொல்கிறார். ஓராண்டு உத்தரவாதமும் தருகிறார். நம்பலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஸ்கேன் செய்தபோது அவற்றுக்கு என்ன வயது என்று கேளுங்கள் தம்பி. பதில் அதில்தான் இருக்கிறது.

பி.கே.டி. என்பது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய். பெர்ஷியன் இனத்தில் மிகப் பரவலாக இருந்தது. பல நாடுகளில் பரிசோதித்தபோது மூன்றில் ஒரு பூனைக்கும் மேல் இருந்திருக்கிறது. கட்டிகள் பிறவியிலேயே உண்டு, ஆனால் கடுகளவு. பத்து மாதத்துக்கு முன் செய்யும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். நோய் முற்றிப் பூனை இளைத்துத் தண்ணீராய்க் குடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டி. ஓராண்டு உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு ஏழாம் ஆண்டில் யாரிடம் போவீர்கள்?

இதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2004-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் டி.என்.ஏ. பரிசோதனை செய்துவிடலாம். எந்த வயதிலும் செய்யலாம், வாழ்நாளில் ஒருமுறை போதும். பெற்றோரில் ஒன்றிடம் பிழை இருந்தால்கூட, சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு நோய் வரும். இரண்டிடமும் இல்லையென்றால் குட்டிக்கும் இந்தப் பிழை வராது. அதனால் பெற்றோரின் டி.என்.ஏ. அறிக்கையைக் கேளுங்கள். அதில் பூனையின் 15 இலக்க மைக்ரோசிப் எண் அச்சாகியிருக்க வேண்டும். எண் இல்லாத அறிக்கை எந்தப் பூனையுடையது என்று யாருக்குத் தெரியும்?

மெயின் கூன் வாங்குவோருக்கு ஒரு வரி: அந்த இனத்தின் இதயத் தசை நோய்க்கும் டி.என்.ஏ. பரிசோதனை உண்டு. ஆனால் அதில் பிழை இல்லை என்று வந்தாலும் நோய் வராது என்று பொருள் இல்லை. பெற்றோருக்கு ஆண்டுதோறும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் ‘எஃப்.ஐ.பி.-க்கு உத்தரவாதம் இல்லை’ என்று போட்டிருக்கிறது. இது ஏமாற்று வேலையா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. பல பூனைகள் சேர்ந்து வாழும் இடங்களில் பெரும்பாலானவற்றின் குடலில் கொரோனா வகை வைரஸ் ஒன்று இருக்கும். (மனிதருக்கு வந்த கோவிட் வைரஸ் அல்ல இது.) மிகச் சிலவற்றில் மட்டும் அது உருமாறி, வயிற்றுறையையும் பிற உறுப்புகளையும் தாக்கும் எஃப்.ஐ.பி. என்ற அழற்சி நோய் ஆகிறது, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். எந்தக் குட்டிக்கு வரும் என்று விற்கும் நாளில் சொல்லும் பரிசோதனை கிடையாது. முன்பு இந்த நோய் வந்தால் மரணம்தான். இப்போது ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 12 வாரம் கொடுத்துப் பல பூனைகள் பிழைக்கின்றன. செலவு மிக அதிகம். ஆறு மாதத்துக்குள் வந்தால் செலவில் ஒரு பங்கைத் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் விற்பனையாளரைக் கண்டால் அவரிடமே வாங்குங்கள்.

கேள்வி: நான் பூனை வளர்த்து விற்பவன். மூன்று மாதம் நிறையாமல் குட்டியைக் கொடுப்பதில்லை. ஊசியும் குடற்புழு மருந்தும் ஒழுங்காகப் போட்டே கொடுக்கிறேன். வாங்கிப் போகிறவர்கள் கண்டதைக் கொடுத்துவிட்டு, “உங்கள் பூனை சீக்கு” என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். எங்களை மட்டுமே குறை சொல்கிறீர்களே, வாங்குபவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இருக்கிறது ஐயா. உங்களைப் போல மூன்று மாதம் தாயோடு வைத்திருப்பவர்கள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 45 நாளில் கைமாறும் குட்டிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வாங்குபவர்கள் என் மேசைக்குக் கொண்டுவந்தவற்றில் சில. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சம் இருந்ததே என்று குட்டியின் கழுத்தில் ஊற்றினார் ஒருவர். அதிலிருந்த பெர்மெத்ரின் நாய்க்குத் தாங்கும், பூனைக்குத் தாங்காது. வலிப்பு நிற்கவே ஒன்றரை நாள் ஆனது. உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுத்தார் இன்னொருவர். பூனையின் கல்லீரலுக்கு அதைச் செரிக்கும் வழி இல்லை. ஒரு குட்டியைக் கொல்ல அரை மாத்திரை போதும். ஈறு நீலமாகிக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் விற்றவரைத்தான் திட்டினார்கள். நான்காம் மாடிப் பால்கனியில் வலை போடாதவர் ஒருவர், பூனை விழாது என்று யாரோ சொன்னார்களாம்.

உங்கள் ஒப்பந்தத்தில் இவற்றை எழுதிவையுங்கள்: குட்டி வீட்டுக்கு வந்த மூன்று நாளுக்குள், வாங்குபவர் தாமே தேர்ந்தெடுத்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தச் சீட்டு இல்லையென்றால் உத்தரவாதம் இல்லை. 72 மணி நேரம் என்ற கணக்குக்கு இருக்க வேண்டிய ஒரே வேலை இதுதான். உத்தரவாதத்தின் முடிவாக அதை வைப்பதுதான் தவறு. வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரம் தனி அறை, தனித் தொட்டி. நீங்கள் கொடுத்துவந்த தீவனத்தையே பத்து நாளுக்குக் கொடுத்தனுப்புங்கள். புதியதை அதோடு சிறிது சிறிதாகக் கலக்கட்டும். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு, உடனே உங்களுக்குத் தொலைபேசி. பால் ஊற்றினாலும் அதே கதி. குட்டி ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை அறுவை செய்து சான்று காட்டிய பிறகே வம்சாவளித் தாள் என்று நீங்கள் நிபந்தனை போட்டால், நான் உங்கள் பக்கம்.

ஆனால் ஒன்று. ‘குட்டி இறந்தால் உடலை எனக்கே திருப்பித் தர வேண்டும்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். பிரேதப் பரிசோதனையை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற ஓர் இடத்தில் செய்து, அறிக்கை இருவருக்கும் போகட்டும். உண்மை தெரிந்தால் நஷ்டம் உங்களுக்கு ஒருமுறைதான். தெரியாவிட்டால் அடுத்த ஈற்றிலும் அதுவே நடக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். ‘இறைச்சித் தீவனம் மட்டுமே தர வேண்டும், இல்லையென்றால் உத்தரவாதம் ரத்து’ என்கிறார் விற்பவர். தயிர்ச்சாதம் சாப்பிடும் பூனைகளை நான் பார்த்திருக்கிறேனே?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நானும் பார்த்திருக்கிறேன். அவை இரவில் எலியும் பல்லியும் சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டாரின் என்ற சத்து பூனைக்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். அதன் உடலால் தேவையான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. டாரின் குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். 1987-இல் இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகே உலகெங்கும் பூனைத் தீவனங்களில் அதன் அளவைக் கூட்டினார்கள். கதவு மூடிய வீட்டில் பெர்ஷியனுக்குப் பல்லிகூடச் சிக்காது. இறைச்சித் தீவனப் பாக்கெட்டைத் தொட மனம் இல்லையென்றால் பூனைக்குப் பதில் முயல் வளருங்கள்.

கேள்வி: பூனைக்குட்டி வந்த மூன்றாம் வாரம் என் மகளின் கழுத்தில் படர்தாமரை. குட்டியின் காதோரமும் முடி கொட்டியிருக்கிறது. இதற்கு விற்றவர் பொறுப்பா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இந்தப் பூஞ்சை தொற்றிப் புண் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும், நீண்ட முடிப் பூனைகளில் ஒளிந்தே இருக்கும். முடி மாதிரியைப் பரிசோதித்து உறுதிசெய்யுங்கள். சிகிச்சைச் செலவை அவரிடம் கேளுங்கள். குட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நோய் அல்ல இது. மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். குட்டிக்கு வாய்வழி மருந்தும் மருந்துக் குளியலும் சேர்ந்து ஆறேழு வாரமாவது ஆகும். உதிரும் முடியை நாள்தோறும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாதீர்கள். அதுவரை மகளின் கட்டிலில் குட்டி படுக்கக் கூடாது. எப்படியும் படுக்கும். தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள்.