கரும்புக் காட்டு வெயிலும் கிட்னியும்

கேள்வி: ஏனுங்க, எங்கூட்டுக்காரரு பவானி பக்கம் கரும்பு வெட்டப் போறாருங்க. வயசு 38, சர்க்கரையும் இல்ல பிரஷரும் இல்ல, ஆனா ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் ஏறியிருக்குதுன்னுட்டாங்க. வெயில்னாலதான்னு சொல்றாங்க, நெசமாங்க?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: நெசமா இருக்கலாமுங்க அம்மிணி. கிரியாட்டினின்ங்கறது கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவுங்க, அது ரத்தத்துல ஏறுனா கிட்னி சரியா வேலை செய்யலைன்னு அர்த்தமா இருக்கலாம். மத்திய அமெரிக்காவுல எல் சால்வடார், நிகரகுவான்னு இருக்கற நாடுகள்ல கரும்பு வெட்டற சின்ன வயசு ஆளுகளுக்கு சர்க்கரை பிரஷர் எதுவுமில்லாம கிட்னி கெட்டுப்போறதை டாக்டருங்க 20 வருஷத்துக்கு மேலா பாத்துட்டிருக்காங்க, வெயில்ல நாள் பூரா ஒடம்பு முறிய வேலை, வேர்வையா போற தண்ணிக்கு ஈடா குடிக்கறதில்ல, இது தெனமும் நடந்தா கிட்னி கொஞ்சங்கொஞ்சமா பழுதாயிருதுன்றாங்க. வேலை செய்யற எடத்துச் சூட்டோட சம்பந்தப்பட்ட கிட்னி நோய் உலகத்துல 2.6 கோடிப் பேருக்கு இருக்குதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல கணக்கு சொல்லுச்சு. பூமி சூடானதுக்கு இந்த சனங்க பண்ணது ஒண்ணுமே இல்லீங்க, டன் கணக்குல கூலிங்கறதால செத்த நேரம் நிழல்ல ஒக்காந்தாலும் காசு போயிரும்னு வெட்டிட்டே இருக்காங்க, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. நிழல், தண்ணி, நடுநடுவுல ஓய்வுன்னு மொறையா குடுத்த தோட்டங்கள்ல பாதிப்பு கொறைஞ்சிருக்குது, அதனால மேஸ்திரிகிட்ட எல்லாருமா சேந்து கேளுங்க. விடியக்காலமே ஆரம்பிச்சு உச்சிக்கு முன்னாடி முடிச்சுக்கறது நல்லது. முக்கியமா, ஒடம்பு வலிக்குதுன்னு கடைல வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாமுங்க, தண்ணி வத்துன ஒடம்புல அது கிட்னியை இன்னும் கெடுக்கும். இவருக்கு ஏற்கெனவே ஏறியிருக்கறதால எவ்வளவு தண்ணி குடிக்கோணும்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க, தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: மழை முடிஞ்சும் டெங்கு வருதே, அதுக்கும் உலகம் சூடாகறதுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?
- வாசகர், கோவை

பதில்: உண்டுங்க. சூடு கூடுனா கொசு உள்ள வைரஸ் சீக்கிரம் வளந்துருது, முன்னெல்லாம் குளிரா இருந்த நேபாள மலைப்பக்கம், பிரான்ஸ், இத்தாலி வரைக்கும் அங்கயே கடிச்சு டெங்கு பரவுது. நம்மூர்ல இன்னொண்ணும் சேருது, பைப்புல தண்ணி எப்ப வரும்னு தெரியாம ட்ரம்ல புடிச்சு வெக்கறமில்லீங்க, அந்த நல்ல தண்ணிலதான் கொசு முட்டை போடுது. முட்டை ட்ரம் செவுத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காஞ்சு கெடந்தாலும் தண்ணி பட்டா பொரிஞ்சுரும், அதனால தண்ணியை மட்டும் ஊத்திட்டு விட்டா பத்தாது, வாரத்துக்கு ஒருக்கா உள்பக்கம் நல்லா தேய்ச்சுக் கழுவி இறுக்கமா மூடி வெய்ங்க.