கடன் வாங்கிக் கிரிப்டோவில் போடச் சொல்லும் மைத்துனர்

கேள்வி: என் மனைவியின் அண்ணன் ஆறு மாதமாக ஒரு புதிய கிரிப்டோ டோக்கனில் பணம் போட்டு வருகிறார். நாளொன்றுக்கு 1 சதவீத வருமானம் உறுதி என்கிறார்கள். அவர் சொன்னதற்காக நானும் 10,000 போட்டுப் பார்த்தேன். 21 நாளில் 12,100 ஆகத் திரும்ப எடுத்தேன். பணம் என் வங்கிக் கணக்குக்கே வந்தது, அனுப்பியவர் பெயர் மட்டும் யாரோ ஒரு தனிநபருடையதாக இருந்தது. இம்மாதக் கடைசியில் முன்விற்பனை முடிகிறது என்றும், டோக்கன் சந்தைக்கு வந்ததும் விலை பத்து மடங்காகும் என்றும் சொல்லி, இப்போது 5 லட்சம் போடும்படி வற்புறுத்துகிறார். அவ்வளவு சேமிப்பு இல்லாததால் 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்து, ஒப்புதலும் பெற்றுவிட்டேன். மறுத்தால் வீட்டில் மனக்கசப்பு வரும். அவர்களுடைய வெள்ளை அறிக்கையையும் (திட்டத்தை விளக்கும் ஆவணம்) தணிக்கைச் சான்றிதழையும் இணைத்துள்ளேன். இது உண்மையா, போலியா என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: கிரிப்டோ விலை தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதும், இழக்க முடிந்த பணத்தை மட்டுமே அதில் போட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல, 10,000 போட்டுச் சோதித்துப் பார்த்ததிலிருந்தே அது தெரிகிறது. ஆனால் அந்தச் சோதனைதான் உங்களைக் கடன் விண்ணப்பம் வரை கொண்டுபோயிருக்கிறது. ஒரு திட்டம் கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் அது நாணயமான திட்டம் என்று முடிவுகட்டி, அந்த முடிவை நம்பிக் கையில் இல்லாத பணத்தை வெளியில் புரட்டுவது என்னும் பழக்கத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். டோக்கனைப் பிறகு பார்ப்போம்.

உங்களுக்குக் கிடைத்த லாபம் 2,100. அதைக் காட்டி உங்களிடம் கேட்பது 5 லட்சம். அதாவது, கேட்கும் தொகையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகச் செலவழித்து உங்கள் நம்பிக்கையை வாங்கியிருக்கிறார்கள். எந்த விளம்பர நிறுவனமும் இவ்வளவு மலிவாக ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துத் தராது. சிறு தொகையைத் தாமதமில்லாமல் திருப்பித் தருவது மோசடித் திட்டங்களின் வழக்கமான முதற்படி. திட்டம் உண்மை என்பதற்கு அது சான்றே அல்ல. மேலும், அந்தப் பணம் முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் கணக்கிலிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உலகளாவிய வர்த்தகம் செய்வதாகச் சொல்லும் நிறுவனம் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குகூட இல்லாமல் ஏன் இன்னொருவர் கணக்கிலிருந்து பணம் அனுப்புகிறது என்று உங்கள் மைத்துனரிடம் கேட்டீர்களா? அந்தத் தனிநபரும் உங்களைப் போலப் பணம் போட வந்த ஒருவராக இருக்கலாம். அவர் நாளை புகார் கொடுத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு என்ற முறையில் உங்கள் கணக்கும் முடக்கப்பட வாய்ப்புண்டு.

இனிக் கடனுக்கு வருவோம். 5 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டு என்றால், மாதத் தவணை ஏறக்குறைய 11,600. கட்டி முடிக்கும்போது கையைவிட்டுப் போயிருப்பது கிட்டத்தட்ட 7 லட்சம். நாளுக்கு 5,000 வீதம் மாதம் ஒன்றரை லட்சம் வரும்போது இந்தத் தவணை எம்மாத்திரம் என்று உங்கள் மைத்துனர் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கையே சற்றுத் திருப்பிப் பாருங்கள். நாளுக்கு 1 சதவீதம் உறுதியாகச் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு, 14 சதவீத ஆண்டு வட்டி என்பது வெறும் 14 நாள் வருமானம். அப்படிப்பட்டவர் தாமே வங்கியில் கடன் வாங்கித் தொழில் நடத்தி, எஞ்சிய 351 நாள் லாபத்தையும் தாமே வைத்துக்கொள்வார். உங்களைக் கடன் வாங்கவைத்து, அந்த லாபத்தை உங்களுக்குத் தாரைவார்க்க மாட்டார். உலகில் மிகச் சிறந்த முதலீட்டாளர்களுள் ஒருவர் என்று பெயரெடுத்த வாரன் பஃபெட், பல பத்தாண்டுகளில் சராசரியாக ஈட்டியது ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டித்தான். உங்கள் திட்டம் அதை மூன்று வாரத்தில் தருவதாகச் சொல்கிறது.

நீங்கள் அனுப்பிய 38 பக்க வெள்ளை அறிக்கையை முழுவதும் படித்தேன். எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றியும் நிதிச் சுதந்திரம் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். லாபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மூன்றே வரி. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று இரவு பகலாக வர்த்தகம் செய்கிறதாம். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்தான் புதிது, கதை பழையது. 2016-இல் தொடங்கிய பிட்கனெக்ட் என்ற திட்டமும், சந்தை ஏற்ற இறக்கத்தில் லாபம் பார்க்கும் மென்பொருள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, மாதம் 40 சதவீதம் வரை வருமானம் காட்டியது. அதன் நாணயம் 2017 கடைசியில் 400 டாலருக்கு மேல் விற்றது. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சஸ், வட கரோலினா மாநிலங்கள் தடை உத்தரவு பிறப்பித்ததும் கடையைக் கட்டிவிட்டார்கள். நாணயத்தின் விலை சில நாட்களில் பெரும்பகுதி சரிந்தது. ஏறத்தாழ 240 கோடி டாலர் மோசடி என்பது பின்னர் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சுமத்திய குற்றச்சாட்டு.

அப்படிப்பட்ட மென்பொருள் இல்லையென்றால், தினம் கொடுக்கும் பணம் புதிதாகச் சேர்பவர்களிடமிருந்துதான் வர வேண்டும். ஆளுக்கு 5 லட்சம் வீதம் 1,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 50 லட்சம் கொடுக்க வேண்டும். அதற்கு அன்றைக்குப் புதிதாகப் 10 பேர் வர வேண்டும். மறுநாள் அந்தப் 10 பேருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆக, ஆள் எண்ணிக்கை தினமும் 1 சதவீதம் பெருகியாக வேண்டும். ஓராண்டில் 1,000 பேர் ஏறக்குறைய 37,800 பேராகவும், இரண்டாம் ஆண்டு முடிவில் 14 லட்சத்தைத் தாண்டியும் நின்றால்தான் சக்கரம் சுழலும். நடத்துபவர்கள் தம் பங்காக ஒரு காசும் எடுக்காமல் இருந்தால்கூட இதுதான் கணக்கு. "லாபத்தை எடுக்காதீர்கள், மறுபடியும் ஸ்டேக்கிங்கில் போடுங்கள்" என்று, அதாவது வெளியே எடுக்காமல் திட்டத்திலேயே பூட்டிவையுங்கள் என்று, டெலிகிராம் குழுவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

சரிபார்க்கும் வழி கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுது போதும். தணிக்கைச் சான்றிதழில், எந்த ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டை (டோக்கனை இயக்கும் நிரலை) தணிக்கை செய்தார்கள் என்பதைக் காட்டும் முகவரி இருக்க வேண்டும்; நீங்கள் அனுப்பியதில் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன, முகவரி இல்லை. இருந்தாலுமே அத்தகைய தணிக்கை நிரல் எழுதப்பட்ட விதத்தைத்தான் சோதிக்கிறது. வருமானம் உண்மையா என்பதை அன்று. முகவரி கிடைத்தால் அதைப் பிளாக்செயின் எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயின் என்னும் பொதுப் பரிவர்த்தனைப் பதிவேட்டை எவரும் பார்க்க உதவும் இணையதளம்) போட்டுப் பாருங்கள்: மொத்த டோக்கனில் பெரும்பகுதி ஓரிரு வாலட்டுகளில் (டோக்கன் வைத்திருக்கும் கணக்குகளில்) குவிந்திருக்கிறதா, நினைத்தபோது புதிய டோக்கன்களை உருவாக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கிறதா, வாங்கியவர்களில் யாராவது விற்றிருக்கிறார்களா என்பவற்றை அங்கே காணலாம். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. 2021-இல் ஸ்க்விட் என்ற டோக்கனை வாங்க முடிந்ததே தவிர, வாங்கியவர்களில் பெரும்பாலோரால் விற்க முடியவில்லை. விற்க ஆளில்லாததால் விலை 2,800 டாலரைத் தாண்டி ஏறியது. நவம்பர் 1 அன்று நடத்தியவர்கள் பணத்தை உருவிக்கொண்டதும் சில நிமிடங்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது.

உங்களுடையதைப் போன்ற முன்விற்பனையில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் டோக்கன் இன்னும் சந்தைக்கே வரவில்லை. செயலியில் நீங்கள் பார்க்கும் விலை அவர்கள் தட்டச்சு செய்யும் எண். 2014-இல் தொடங்கிய ஒன்காயின் திட்டத்தில் நாணயத்தின் விலை அரை யூரோவிலிருந்து ஏறத்தாழ 30 யூரோ வரை ஏறியதாகக் காட்டினார்கள். அந்த விலையை நிறுவனமே நிர்ணயித்தது என்றும், பின்னணியில் உண்மையான பிளாக்செயினே இல்லை என்றும் அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. அதை உருவாக்கிய ருஜா இக்னாடோவா 2017 அக்டோபரில் தலைமறைவானவர்; அமெரிக்கப் புலனாய்வுத் துறை 2022-இல் அவரை மிகத் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்தது.

நிறுவனர்களின் புகைப்படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். சென்ட்ரா டெக் என்ற நிறுவனம் கற்பனை நிர்வாகிகளையும் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களுடன் இல்லாத உறவையும் காட்டித்தான் 2017-இல் கோடிக்கணக்கான டாலர் திரட்டியது. உங்கள் நாட்டின் நிதி ஒழுங்குமுறை அமைப்பின் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாததால் திட்டம் நல்லது என்று ஆகிவிடாது. இன்னும் எவரும் புகார் தரவில்லை என்றும் பொருள்படலாம்.

உங்கள் மைத்துனரை நான் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. ஆறு மாதமாகத் திரையில் ஏறும் எண்ணை அவர் மனதார நம்பியிருக்கக்கூடும். இருந்தாலும், உங்கள் 5 லட்சத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு வரும் என்று கேளுங்கள். வெள்ளை அறிக்கையின் 31-ஆம் பக்கத்தில் நேரடிச் சேர்க்கைக்கு 10 சதவீதம் என்று இருக்கிறது, அதாவது 50,000. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். உறவு கெடக் கூடாது என்று நினைத்தால், அவரிடம் நேரடியாக மறுக்காமல் ஒரு நிபந்தனை வையுங்கள்: அவர் தாம் போட்ட முழு அசலையும் இந்த வாரமே வெளியே எடுத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம். சிறு தொகை தாமதமில்லாமல் வந்த இடத்தில், முழுத் தொகையைக் கேட்டதும் "முதலில் 20 சதவீத வரி கட்டுங்கள்", "கணக்கைச் சரிபார்க்கக் கட்டணம் செலுத்துங்கள்" என்று பதில் வந்தால், அந்தக் கட்டணத்தையும் கட்டிவிடாமல் அவரைத் தடுப்பதே நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய உதவி. தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளாமல், பணத்தை விடுவிக்க முதலில் தங்களிடமே தனியாகக் கட்டச் சொல்லும் வரி எதுவும் வரியே அல்ல. அதற்குப் பின், போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு வருபவர்களும் பெரும்பாலும் அதே கூட்டத்தையோ அதைப் போன்ற இன்னொரு மோசடிக் கூட்டத்தையோ சேர்ந்தவர்கள்தாம்.

கடன் தொகை இன்னும் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை என்றால், ஒப்புதலை ரத்து செய்யும்படி வங்கிக்கு நாளையே எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசீலனைக் கட்டணம் திரும்ப வராமல் போகலாம், போனால் போகட்டும்.