எழுதி வாங்கிய தாளும் பத்து மடங்கு அபராதமும்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் குடியிருக்கிறோம். என் அம்மாவுக்கு 63 வயது, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒன்பது நாள் முன்பு, தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்கி 640 ரூபாய் பில் கட்டிவிட்டு வெளியே வந்தவரை நிறுத்திக் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு தலை எண்ணெய் பாட்டில் இருந்தது. சற்று முன்னால்தான் மருந்துக் கடையில் 185 ரூபாய்க்கு வாங்கினேன் என்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குடோன் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, "திருடிவிட்டேன்" என்று எழுதி வாங்கி, மொபைலில் படமும் எடுத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டி, பத்து மடங்கு அபராதம் என்று 1,850 ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். கொடுக்காவிட்டால் போலீஸைக் கூப்பிடுவோம், தெரு முழுக்கச் சொல்வோம் என்றார்களாம். மருந்துக் கடை பில் மறுநாள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாரே, இனி ஏதாவது செய்ய முடியுமா? அன்றிலிருந்து அவர் வாசலைத் தாண்டவே இல்லை.

பதில்: முடியும். முதலில் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதால் அவர் குற்றவாளி ஆகிவிடவில்லை. மூடிய அறையில், வெளியே விடாமல், மானம் போய்விடும் என்று பயமுறுத்தி எழுதி வாங்கிய தாள் அது. அவர் திருடினார் என்பதைவிட, அவர்மேல் என்ன நெருக்கடி கொடுத்தார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி.

கடைக்காரரின் அதிகாரம் எதுவரை என்பதுதான் இதில் முக்கியம். சந்தேகம் வந்தால் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேமரா பதிவைப் பார்க்கலாம், 100-க்கு போன் செய்யலாம். சம்மதம் இல்லாமல் பையைத் துழாவ முடியாது. சாதாரண மனிதர் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாமா என்பதை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு சொல்கிறது. குற்றம் தன் கண்முன்னே நடந்திருக்க வேண்டும். அது ஜாமீனில் விட முடியாததாகவும், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் தேவையில்லாமல் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

பல கடைக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டங்கள் வந்த பிறகு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடுவது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸே அதை விசாரிக்கத் தொடங்க முடியாது. அப்படியிருக்க, 185 ரூபாய் பாட்டிலுக்காக ஒரு பெண்ணைக் குடோனில் உட்கார வைக்கக் கடை ஊழியருக்கு என்ன உரிமை? பாட்டில் உண்மையிலேயே அந்தக் கடையுடையதாக இருந்திருந்தாலும் இதே பதில்தான். திருட்டு என்றால் நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். பில் போட மறந்து பைக்குள் போட்டுக்கொள்வது திருட்டு ஆகாது.

அதனால் சட்டத்தை மீறியது கடைதான். வாசலில் மறித்தது, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவில் வரும். அறையில் அடைத்து வைத்தது 127-ல் வரும், அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பயமுறுத்திப் பணம் வாங்கியது 308-வது பிரிவு, பணம் பறித்தல், ஏழாண்டு வரை தண்டனை. 308-ஐப் போட ஸ்டேஷனில் தயங்கலாம். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்து, மனு ரசீது கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் மனுவை வாங்க மறுத்தால் போலீஸ் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கு அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

"பத்து மடங்கு அபராதம்" என்ற போர்டு நம் ஊரில் எத்தனையோ கடைகளில் தொங்குகிறது. அபராதம் போடுவது நீதிமன்றத்தின் வேலை. சுவரில் தாள் ஒட்டிவிட்டால் கடைக்கு அந்த அதிகாரம் வந்துவிடாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 72-வது பிரிவில், வற்புறுத்தலால் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்த 1,850 ரூபாய் உங்கள் பணம்தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேமராப் பதிவு நிரம்பியதும் பழையதன் மேல் புதியது ஏறி அழிந்துவிடும், ஒன்பது நாள் ஏற்கெனவே போய்விட்டது. "இன்ன தேதி, இன்ன நேரம், வாசல், பில் கவுன்டர், குடோன் வழிப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கவும், எழுதி வாங்கிய தாளைத் திருப்பித் தரவும், எடுத்த படத்தை எங்கும் பகிர வேண்டாம்" என்று கடை உரிமையாளர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். ஒரு நகலைப் போலீஸ் மனுவோடு இணையுங்கள். அதன் பிறகும் பதிவைக் கடை அழித்தால், அது அவர்களுக்கே பாதகமாக முடியும்.

இரண்டு பில்களையும் உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். மருந்துக் கடை பில்லில் உள்ள நேரம்தான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. பாட்டிலையும் தூக்கிப் போடாதீர்கள். பார்கோடு எல்லாக் கடையிலும் ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் பேட்ச் எண்ணைக் கொண்டு அது எந்தக் கடைக்குப் போன சரக்கு என்று தேட வழி கிடைக்கலாம். ஜிபேயில் பணம் போன பதிவில் 12 இலக்க எண் இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம் நுகர்வோர் ஆணையம். அம்மா 640 ரூபாய் பில் கட்டியதால் சட்டப்படி அவர் அந்தக் கடையின் நுகர்வோர். 2019-ம் ஆண்டு சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை. 1,850-ஐ மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அம்மா ஒன்பது நாளாக வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாரே, அந்த மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேளுங்கள். சத்துணவுக் கூடத்தில் முட்டைக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதியே காலம் கழித்தவரைத் திருடி என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் புகாரில் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

வாசலில் நின்ற ஊழியர்மேல் மட்டும் புகாரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். காணாமல் போன சரக்குக்கு அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் பிடிக்கும் கடைகள் உண்டு. உரிமையாளரையும் மேலாளரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

இரண்டு புகாரும் உங்கள் பெயரில் வேண்டாம், அம்மா பெயரில், அவர் கையெழுத்தோடு இருக்கட்டும். ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமே என்று அவர் பயப்படலாம். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.