அம்மு, சாப்பிட்டாயா?

கேள்வி: தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். விடியுமுன் கிளம்பினால் ராத்திரிதான் வீடு. பத்தாவது படிக்கும் என் மகளுக்கு ஒரு கொரியப் பாட்டுக்காரப் பையன் தினமும் மெசேஜ் அனுப்புகிறான். நேற்று எட்டிப் பார்த்தேன். ‘அம்மு, சாப்பிட்டாயா?’ என்று இங்கிலீஷில் இருந்தது. அம்மு நாங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர். அவனுக்கு எப்படித் தெரிந்தது? போனைப் பிடுங்கிவிடவா?
- ஒரு தகப்பன், பாலக்கோடு

பதில்: முதலில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். அந்தப் பையனுக்கு அம்முவையும் தெரியாது, பாலக்கோட்டையும் தெரியாது.

நீங்கள் சொல்வது ‘பபிள்’ மாதிரியான செயலி. 2020இல் வந்தது. மாதச் சந்தா கட்டினால் பிடித்த பாடகரின் மெசேஜ் நம் போனுக்கு வரும், வாட்ஸாப்பில் மாமா பையன் எழுதுவது போலவே. உண்மையில் அவர் எழுதுவது ஒரே மெசேஜ்தான். சந்தா கட்டிய அத்தனை பேருக்கும் அதுவே போகும். பெயர் வர வேண்டிய இடத்தில் அவர் ஒரு குறியீடு போட்டுவிடுவார். அந்த இடத்தில் அவரவர் பதிந்து வைத்த பெயரைச் செயலி நிரப்பிக்கொள்ளும். பதில் எழுதவும் கணக்கு உண்டு: புதிதாகச் சேர்ந்தவருக்குச் சில எழுத்துகள்தான். சந்தா நாள் ஏற ஏற எழுத்தளவு கூடும். நடுவில் விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. ஏலச்சீட்டு நடத்துபவர்கள்கூட இவ்வளவு யோசித்ததில்லை.

ஆக, ‘அம்மு’ என்று பதிந்தது உங்கள் மகள்தான். பள்ளிப் பெயரைப் பதிந்திருக்கலாம், பதியவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்றும் புதிதில்லை. நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் பார்த்திருப்பீர்களே. துரியோதனன் நடுச்சாமத்தில் சுழன்று ஆடும்போது யாரோ உடையில் இருபது ரூபாய் குத்துவார். ஆட்டம் நிற்கும். கட்டியங்காரன் மைக்கைப் பிடித்து இன்னார் மகன் இன்னார் என்று பெயரை நீட்டி முழக்குவார். கேட்டவர் அடுத்த இருபது ரூபாய்க்கு மடியைத் தடவுவார். ஒரே வித்தியாசம், கட்டியங்காரன் ஆளைப் பார்த்துத்தான் சொல்வார். தூங்கி வழிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லி மானத்தை வாங்குவார்.

கொரியாக்காரர்கள் இதைப் போனுக்குள் கொண்டுவந்ததில் உழைப்பு இருக்கிறது, மறுக்க மாட்டேன். பி.டி.எஸ். என்ற ஏழு பையன்களின் கொரியப் பாட்டுக் குழு அரங்கேறியது 2013 ஜூனில். ட்விட்டர் கணக்கு தொடங்கியதோ 2012 டிசம்பரில். சின்ன நிறுவனம். அதனால் ஒத்திகை அறை, சோர்ந்த முகம், அரட்டை என எல்லாவற்றையும் இணையத்தில் போட்டார்கள். ஏழு பேரும் பல வருடம் அந்த ஒரே கணக்கில்தான் எழுதினார்கள். தனித்தனி இன்ஸ்டாகிராம் வந்தது 2021 டிசம்பரில். பாட்டைக் கேட்பதற்கு முன்பே பையன்களைத் தெரிந்துகொண்ட ரசிகைகள் ஏராளம். அதில் எனக்குக் குறை இல்லை. குறை, ‘நமக்காக’ என்று எழுதியதை ‘உனக்காக’ என்று மாற்றிக் காட்டும் செயலி மேல்தான்.

அப்புறம், ‘சாப்பிட்டாயா?’ என்பது கொரியாவிலும் நம் ஊர் மாதிரியே குசல விசாரிப்புதான். காதல் கடிதம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இதே கேள்வியை நேற்று அவளிடம் வீட்டில் யார் கேட்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை.

போனைப் பிடுங்க வேண்டாம். இன்றைக்கு வியாபாரம் முடிந்ததும் உங்கள் போனில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘அம்மு, சாப்பிட்டாயா?’வுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது நீங்களாகத்தான் இருக்கும்.