குகைக்குப் பிறகும் ஜானி கேஷ்

வணக்கம் ஐயா,

யூடியூபில் தற்செயலாக அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜானி கேஷின் 'ஹர்ட்' வீடியோ கண்ணில் பட்டது. கை நடுங்க ஒரு கிழவர் விருந்து மேசைமேல் ஒயினை ஊற்றும் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் தேடித்தேடி அவர் பாட்டுகளைக் கேட்கிறேன். நான் சபைக்குப் போகிற குடும்பத்தில் வளர்ந்தவன். சாவதற்காகக் குகைக்குள் போன தன்னைத் தேவன் திருப்பி அனுப்பினார் என்று அவர் சொன்ன கதை என்னை ரொம்பவே உலுக்கியது. ஆனால் அதற்கப்புறமும் அவர் போதை மாத்திரைக்குத் திரும்பினார் என்று படித்தபோது மனசு விட்டுப்போயிற்று. அவர் விசுவாசம் உண்மைதானா, இல்லை அவர் வழக்கமாகப் போடும் அந்தக் கறுப்புச் சட்டைபோல மேடைக்கானதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் குகையை முடித்துவிடுவோம். 1967-இல் டென்னசியின் நிக்கஜாக் குகைக்குள் தவழ்ந்து போனதாகவும், டார்ச் அணைந்ததும் சாகட்டும் என்று படுத்துவிட்டதாகவும், அங்கே கடவுளை உணர்ந்து எழுந்து வந்ததாகவும் கேஷ் சுயசரிதையில் எழுதினார். அது அப்படியே நடந்ததா என்று அவர் வரலாற்றை எழுதியவர்களே சந்தேகப்படுகிறார்கள். நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் பண்ணையில் இருந்த நெருப்புக்கோழி உதைத்து அவருக்கு விலா எலும்பு முறிந்தது (கதை விடவில்லை, நிஜம்). வலிக்கு எடுத்த மாத்திரை பழையபடி பிடித்துக்கொண்டது. 1983-இல் பெட்டி ஃபோர்டு போதை மறுவாழ்வு மையத்தில் போய்ச் சேரும் நிலைமை.

'அன்று இரவு ஆண்டவர் தொட்டார், அதோடு விட்டேன்' என்று கூட்டங்களில் சாட்சி சொல்வார்களே, அதைத்தான் நீங்கள் கேஷிடம் எதிர்பார்க்கிறீர்கள். அவரிடம் அது கிடைக்காது. அவருடைய விசுவாசம் குகையில் தொடங்கியதும் அல்ல. ஆர்கன்சாவில் டையஸ் என்ற ஊரில், அரசாங்கம் ஏழை விவசாயிகளைக் குடியேற்றிய காலனியில், பருத்தி பொறுக்கி வளர்ந்தவர். அண்ணன் ஜாக்குக்குப் பிரசங்கியாராக ஆசை. 1944 மே மாதம் ஜாக் மூன்று டாலர் கூலிக்கு வேலிக்கம்பம் அறுக்கப் போனான். பன்னிரண்டு வயது ஜானி மீன்பிடிக்கப் போனான். ரம்பம் ஜாக்கின் வயிற்றைக் கிழித்தது. ஒரு வாரம் கிடந்து செத்தான். தேவதூதர்கள் பாடுவது கேட்கிறதா என்று சாகும்போது அம்மாவிடம் கேட்டானாம். கேஷ் இதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பக்தியும் குற்ற உணர்வும் அவருக்குள் ஒரே நாளில் நுழைந்தவை என்பது என் எண்ணம். பிறகு அவரே நினைத்தாலும் பிரித்திருக்க முடியாது.

மேடைக்கான பக்தியா என்றால், மேடைதான் அதை முதலில் வேண்டாம் என்றது. மெம்பிஸில் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் சாம் ஃபிலிப்ஸிடம் அவர் பாடக் கேட்டுப் போனது ஞானப்பாட்டு. அது விற்காது என்று ஃபிலிப்ஸ் சொல்லிவிட்டார். கொலம்பியா கம்பெனிக்கு மாறிய பிறகுதான், 1959-இல், முழு பக்திப்பாடல் தட்டு வந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் என்று எனக்குப் படுவது 1968 ஜனவரி 13, கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகளுக்காக அவர் நடத்திய கச்சேரி. கேஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரிரவு லாக்கப்புகளைத் தாண்டி அவர் உள்ளே இருந்ததில்லை. கச்சேரிக்கு முந்தின இரவு, சிறைக்குப் போய்வரும் ஒரு போதகர் அவரிடம் ஒரு டேப்பைக் கொடுத்தார். கொள்ளை வழக்கில் உள்ளே இருந்த க்ளென் ஷெர்லி எழுதிப் பாடிய பாட்டு. சிறை வளாகத்துக்குள் இருக்கும் கருங்கல் ஜெபக்கூடத்தைப் பற்றியது, 'கிரேஸ்டோன் சேப்பல்'. கேஷ் ராத்திரியோடு ராத்திரியாக அதைப் பாடம் செய்தார். மறுநாள் உணவுக்கூடத்தில் முன்வரிசையில் ஷெர்லி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எதுவும் தெரியாது. கச்சேரியின் கடைசிப் பாட்டாக, எழுதியவன் பெயரைச் சொல்லிவிட்டு, கேஷ் அதைப் பாடினார். கொலை, தூக்கு, கோக்கேய்ன் என்று பாடி முடித்த அதே வாயால். கைதிகளுக்குப் பிரசங்கம் செய்ய அவர் போகவில்லை. அவர்களில் ஒருவனுடைய ஜெபத்தை வாங்கி அவர்கள் முன்னால் பாடினார், அவ்வளவுதான்.

இதையும் அழகான சாட்சியாக ஆக்கிவிடாதீர்கள். 1971-இல் ஷெர்லி விடுதலையானான். கேஷ் உதவினார், வேலை கொடுத்தார், தன் குழுவோடு ஊர் ஊராகக் கூட்டிப்போனார். ஷெர்லியால் வெளியுலகில் காலூன்ற முடியவில்லை. குழுவில் இருந்தவர்களை மிரட்ட ஆரம்பித்தபோது கேஷ் அவனை விலக்க வேண்டியதாயிற்று. 1978-இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். 1972-இல் செனட் குழு முன்னால் கைதிகளுக்காகச் சாட்சியம் சொன்ன கேஷுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். சிறைகளில் பாடுவதை எழுபதுகளின் இறுதியோடு அவர் பெரும்பாலும் விட்டுவிட்டார்.

நீங்கள் அவருடைய கடைசிக் காலத்துப் பாட்டான 'ஹர்ட்' வழியாக, அதாவது வாசலில் அல்லாமல் கொல்லையில் நுழைந்திருக்கிறீர்கள். தப்பில்லை, என் தலைமுறைக்குப் பிந்தியவர்கள் எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். அடுத்து அந்தச் சிறைக் கச்சேரியின் பதிவான ஃபோல்சம் தட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். அதில் வரும் 'ரெனோவில் ஒருத்தனைச் சுட்டேன்' என்ற வரிக்கு எழும் ஆரவாரத்தை மட்டும் நம்பாதீர்கள். அது பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்தது. காவலர்கள் நிற்கும்போது கைதிகள் அந்த வரிக்கு வாயே திறக்கவில்லை.