கணக்குப் பார்க்காத தாய்மாமனுக்கு

கேள்வி: திருவட்டாறு பக்கம் கடை வைத்திருக்கிறேன். போன மழையில் என் தங்கை வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. மச்சான் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்துப் போட்டிருந்த ஏத்தன் வாழை, குலை தள்ளுகிற நேரத்தில் மொத்தமாகச் சாய்ந்தது. அவர்கள் மகள் பொறியியல் முதலாண்டு, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் நான்தான் கட்டினேன். எப்படியும் எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்தானே என்று கணக்கே பார்க்கவில்லை. இப்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்விக் கடனுக்கு மனு போட்டிருக்கிறாள். 'மாமா பணம் இனி வேண்டாம்' என்றாளாம். நன்றியில்லாமல் போகிற பிள்ளையை எப்படித் திருத்துவது?

பதில்: சுனாமிக்குப் பிறகும், 2017-இல் ஒக்கி புயல் அடித்த பிறகும், 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். வள்ளம் போன வீடு, வாழை போன வீடு, ரப்பர் முறிந்த வீடு என்று வீடுதான் மாறும். படிக்கிற பிள்ளைக்கு உறவில் ஒருவர் கை கொடுப்பார். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்க்காது. போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை.

'எப்படியும் எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்தானே.' போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அவளிடம் யார் கேட்டது? அவள் சரி என்று சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. உங்கள் மகனுக்கு விருப்பம் உண்டா என்றும் இல்லை. கணக்கே பார்க்கவில்லை என்கிறீர்கள். ஒரு பெண்ணின் கல்யாணத்தையே வரவில் எழுதி வைத்திருக்கிறீர்களே, இதைவிடப் பெரிய கணக்கு என்ன இருக்கிறது, அண்ணாச்சி? இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் கடையிலும் நடந்திருக்கும், அவள் காதுக்கும் போயிருக்கும். வீட்டில் சேறு காயவில்லை, அப்பா கடன்காரராக நிற்கிறார். அந்த நேரத்தில் மாமா முகத்துக்கு நேரே அவள் எப்படி மறுப்பாள்? வங்கிக்குப் போய் மனு கொடுத்ததுதான் அவளால் சொல்ல முடிந்த பதில்.

தாய்மாமன் என்றால் நம் ஊரில் ஒரு இடம் உண்டு. மடியில் வைத்துக் காது குத்துவது முதல் சீர் கொண்டுபோவது வரை அவன் செய்வதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தங்கை வீடு தண்ணீரில் நிற்கும்போது அவள் மகளைப் படிக்க வைப்பதும் அப்படித்தான். அது உங்கள் கடமை. கடமைக்கு நன்றி எதிர்பார்ப்பதே தப்பு. அதற்குப் பெண்ணையே கேட்பது தங்கைக்குச் செய்கிற அநியாயம்.

சரி, கடன் விஷயம். அவள் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கடன் வாங்கும் முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை, தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், தேதி போனால் போனதுதான். அவள் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். ஒன்று வாங்கினால் மற்றதற்குத் தடையா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். வருமானச் சான்றிதழ் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். பழையதில் வாழை நின்ற காலத்து வருமானம் இருக்கும்.

உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மச்சான் பாட்டத்துக்குப் பயிர் வைத்தவர், பட்டாவோ நிலக்காரர் பெயரில். பயிர் நிவாரணம் இப்படிப்பட்டவர்களுக்கு வந்து சேராமல் போவதைப் பல முறை பார்த்தாகிவிட்டது. கடைக்காரருக்கு ஊரில் பேச்சு எடுபடும். கிராம நிர்வாக அலுவலரிடம் மச்சானைக் கூட்டிப்போங்கள். சாகுபடி செய்தவர் இவர்தான் என்று அவர் வைத்திருக்கும் பயிர்க் கணக்கான அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிலக்காரரிடம் உட்கார்ந்து பேசி, இந்த வருடப் பாட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்பாவின் கடன் குறைந்தால்தான் அந்தப் பெண் விடுதியில் நிம்மதியாகப் பாடப் புத்தகத்தைத் திறப்பாள்.

அதற்கும் முன்னால் தங்கை வீட்டுக்குப் போங்கள். மச்சான், உங்கள் மனைவி, மகன் எல்லோரும் இருக்கும்போது அவளிடம் நேராகச் சொல்லுங்கள்: இதுவரை கட்டியது மாமன் செய்தது, கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் உடனே சிரித்துப் பேசுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். கடன் மனுவையும் திரும்ப வாங்கச் சொல்லாதீர்கள். வங்கிக்குத் துணைக்கு வரச் சொல்லி அவளே கேட்டால், கடையை அன்றைக்கு மூடிவிட்டுப் போங்கள்.